ஒன்றரை நாள் பசி

தீவன மில் சூப்பர்வைசருக்குச் சாப்பிடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. தான் சாப்பிட்டால் அது சாப்பாடு, மற்றவர்கள் சாப்பிட்டால் தீனி. காலையில் ஓரம் கிள்ளிய ரொட்டி இரண்டு துண்டு. மத்தியானம் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு முட்டையும். இரவு என்ன வைத்தாலும் தட்டில் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த மிச்சம் அவருடைய கௌரவம். இருபத்தெட்டு வருஷமாக பெல்ட்டை ஒரே ஓட்டையில்தான் மாட்டுகிறார் என்பதை, புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

மில்லில் மாட்டுத் தீவனம் தயாராகிறது. ஒரு பக்கம் மக்காச்சோளம் அரைபடும், இன்னொரு பக்கம் தவிடும் புண்ணாக்கும் மலையாகக் கிடக்கும். தகரக் கூரைக்குக் கீழே புழுதி நின்றபடியே நிற்கும். ஆள் தும்மினால்தான் அது நகரும். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகை மேல் நடந்து லாரியில் அடுக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு நூற்றைம்பது மூட்டை. ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் லோடுமேன்கள் கையைக்கூடச் சரியாக அலம்பாமல் ஷெட்டில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"மெதுவா, மெதுவா. யாரும் பிடுங்கிக்கிட்டுப் போகப் போறதில்லை. மாடுகூட இப்படி மொய்க்காதுப்பா. வயிறு ரொம்பினா அது பாட்டுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கும்."

யாரும் தலையைத் தூக்க மாட்டார்கள். அவர் நகர்ந்ததும் ஒருவன் அடிக்குரலில், "ஆழாக்கு போயாச்சு," என்பான். அதுதான் அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். மனிதரை அளந்தால் அவ்வளவுதான் தேறும் என்று அர்த்தம்.

மனிதர் மூட்டை தூக்கியது கிடையாது. சாப்பிடாமல் இருந்ததும் கிடையாது. பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரு வேளை தப்பியதில்லை. பசி எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தட்டு முன்னால் வந்துவிடும். தூரத்து ஊரில் வெள்ளம் என்று பேப்பரில் படிப்பது போலத்தான் பசியை அவர் தெரிந்து வைத்திருந்தார். படித்துவிட்டு, 'கரையில போய் வீடு கட்டினா இப்படித்தான்' என்று பேப்பரை மடித்து வைக்கிற ஜாதி.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அவருடைய தம்பி வந்து சேர்ந்தார்.

தம்பி பஸ் டிரைவராக இருந்தவர். இப்போது வண்டி ஓட்டுவதில்லை என்றாலும் டிரைவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒல்லியான ஆள், ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இன்னொருத்தர் உட்காரலாம் என்று கேலி பேசுவார்கள். பார்வை மங்குகிறது என்று டாக்டரிடம் போனதில், மூளைக்கு அடியில் நாவற்பழம் அளவுக்கு ஒரு கட்டி என்று தெரிந்தது. எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் பழைய ஆள் இல்லை. பதினாலு மாசத்தில் நாற்பது கிலோ ஏறிவிட்டார். கன்னம் சட்டைக் காலரில் வழிந்தது. நின்றால் அவருக்கு மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் நாற்காலிக்கு வாங்கும்.

டிரைவரின் மனைவி பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறவள். அவளுடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு வாரமாவது கூட இருந்து பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரு திங்கட்கிழமை காலையில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள்.

"மாமா, இதுல எல்லாம் எழுதியிருக்கேன். எட்டு, பன்னெண்டு, நாலு, எட்டு. நாலு வேளை. அளவு எழுதியிருக்கேன், அதுக்கு மேல ஒரு கடலைகூட வேணாம். அந்த அளவைக் குறைக்கவும் வேணாம். வேளை தப்பினா அவர் தாங்க மாட்டார். சமையல்கட்டைப் பூட்டி வைக்கணும். குப்பைக்கூடையை வெளியில வெச்சுடணும்."

"குப்பைக்கூடையா?" சூப்பர்வைசர் மூக்கைச் சுருக்கினார்.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி இப்படிப் பேசுவது அவருக்குப் பழகியிருந்தது.

"மூளைக்கு அடியில ஒரு எடம் இருக்காம் மாமா. வயிறு ரொம்பினா அங்கதான் தகவல் போகுமாம். 'போதும்'னு சொல்றது அந்த எடம்தானாம். கட்டியை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போயிடுச்சு. இவருக்கு வயிறு ரொம்பும், ஆனா ரொம்பினது இவருக்குத் தெரியாது. ஒடம்பு வேற, 'நான் பட்டினி கெடக்கேன்'னு நெனச்சுக்கிட்டு, திங்கறதையெல்லாம் கொழுப்பா சேர்த்து வெச்சுக்குதாம். கொஞ்சமா தின்னாலும் ஏறுது."

"டாக்டர் சொன்னாரா?"

"படம் போட்டுக் காட்டினார் மாமா."

"படம் போட என்ன, யாரு வேணா போடுவாங்க. வாயைக் கட்ட முடியாதவனுக்கு எல்லாம் இப்ப ஒரு வியாதி பேரு இருக்கு."

சூப்பர்வைசரின் மனைவி உள்ளேயிருந்து வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கடைக்குக் கொடுக்கிறவள் அவள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அளவு பார்த்துப் படிக்கிற பழக்கம் உண்டு. இரண்டு தடவை படித்தாள். "நீ போயிட்டு வாம்மா. நான் பார்த்துக்கறேன். தம்பி, உள்ள வாங்க," என்றாள்.

அன்று மத்தியானமே சமையல்கட்டுக்குப் பூட்டு வந்தது. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாலும் பின்னாலும் இல்லாமல் தட்டை வைத்தாள். டிரைவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, விரலால் தட்டைச் சுற்றி வழித்தார். ஆப்பிளில் காம்பைத் தவிர மிச்சமில்லை. விதையையும் தின்றார். முட்டை ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பல்லால் சுரண்டி எடுத்தார்.

எட்டு மணித் தட்டிலும் அப்படியே செய்தபோது சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவு மனைவியிடம் சொன்னார்: "வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்திருந்தா வாய் கேக்கத்தான் செய்யும். நாளையிலேருந்து மில்லுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அந்தத் தாள்ல தனியா விட வேணாம்னு எழுதியிருக்குங்க."

"நான் இருக்கும்போது தனியா எப்படி ஆகும்?"

மில்லில் டிரைவருக்கு மூட்டை வாய் தைக்கிற வேலை. ஊசியும் சணல் நூலும் கையில் கொடுத்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மனிதர் வேலையில் சுத்தம். ஒரே சீராகத் தையல் போட்டார். லோடுமேன்களிடம் தன்மையாகப் பேசினார். எந்த ரூட்டில் எந்த வளைவு மோசம், மழையில் எங்கே பிரேக் அடிக்கக் கூடாது என்று கதை சொன்னார். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு மணி டப்பாவை மட்டும் பதினொன்றே முக்காலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சூப்பர்வைசர் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். கலவை சரியாக இருந்தால் மாடு கத்தாமல் வாயை மூடிக்கொள்ளும் என்பது அவர் இருபத்தெட்டு வருஷத்தில் கண்டுபிடித்த ஒரே தத்துவம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிக்ஸிங் மிஷின் பக்கம் ஒரே சிரிப்பு. சூப்பர்வைசர் போய்ப் பார்த்தார். கழிவுப்பாகு டிரம் ஒன்று திறந்து கிடந்தது. சர்க்கரை ஆலையிலிருந்து வருகிற சரக்கு அது. தார் மாதிரி கறுப்பாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். தீவனத்தில் கலந்தால் மாடு முகம் சுளிக்காமல் தின்னும். அதன் முன்னால் டிரைவர் முட்டி போட்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. முகவாய், மூக்கு, சட்டை எல்லாம் பாகு. சுற்றி ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க தம்பி ஒரு மாட்டோட தீவனத்தைக் காலி பண்ணிட்டார்," என்றான் ஒருவன்.

"பால் எவ்வளவு கறக்கும்னு கேளு," என்றான் இன்னொருவன்.

சூப்பர்வைசர் தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நிறுத்தினார். அப்படியே கேட்டைத் தாண்டி, கடைத்தெரு வழியாக நடத்திக் கூட்டி வந்தார். ஈ மொய்த்தது. ஜனங்கள் வழி விட்டார்கள். வீட்டு வாசல் குழாயடியில் நிறுத்திய பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"ஏன்டா? உனக்கு என்னடா குறை?"

"பசிச்சுதுண்ணே."

"எட்டு மணிக்குத் தின்னது எங்கடா போச்சு?"

"அது வயித்துலதான் இருக்கு. பசி அங்க இல்லையே. வேற எங்கியோ இருக்கு." டிரைவர் குழாய்த் தண்ணீரில் கையைத் தேய்த்தபடி யோசித்தார். "எப்படிச் சொல்றது... வண்டியில கண்டக்டர் ரெண்டு விசில் அடிச்சா கிளம்பணும், ஒரு விசில் அடிச்சா நிக்கணும் இல்லையா? எனக்கு நிக்கிற விசிலே வர மாட்டேங்குதுண்ணே. போய்க்கிட்டே இருக்கேன்."

"விசிலாவது மண்ணாவது. மனசுல உறுதி இல்லை, அவ்வளவுதான். அடக்கணும்டா. மனுஷன்னா அடக்கணும்."

"அடக்கிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். இப்பகூட."

அது அவர் காதில் ஏறவில்லை. ஏழெட்டு லோடுமேன்கள் சிரித்ததுதான் ஏறியிருந்தது. அன்று இரவு சாப்பிட்டு, வழக்கம்போல மிச்சம் விட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டே அறிவித்தார்:

"கேட்டுக்கோ. நாளையிலேருந்து மூணு நாள் நான் பச்சைத் தண்ணிதான். நீ உன் நாலு வேளையையும் தின்னு. நான் ஒரு பருக்கை தொட மாட்டேன். மூணு நாள் கழிச்சு ரெண்டு பேரும் நேருக்கு நேரா உட்கார்ந்து பேசுவோம், பசிங்கறது மனசா வயிறான்னு."

"எதுக்குண்ணே இதெல்லாம்? கஷ்டமா இருக்கும்."

"எனக்கா!" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

அவர் மனைவி தட்டில் இருந்த மிச்சத்தை வழித்துக்கொண்டே, "நல்லது," என்றாள். அந்த 'நல்லது' எந்த ரகம் என்று அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிரமாதமாகப் போயிற்று. மில்லில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஒரு மணிக்கு ஷெட்டில் போய் வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றார். "பார்த்துக்கோங்க. தண்ணி மட்டும்தான். ஏதாவது ஆச்சா எனக்கு?" லோடுமேன்கள் மரியாதைக்கு வியந்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்கள்.

மூன்று மணிக்கு வயிறு முதல் தடவையாக ஒரு சத்தம் போட்டது. ஆபீஸில் தனியாக இருந்தும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஐந்து மணிக்குத் தலைவலி. இரவு எட்டு மணிக்குத் தம்பி முன்னால் தட்டு வந்தபோது, வேக வைத்த கேரட்டுக்கு வாசனை உண்டு என்பது ஐம்பத்து நாலு வயதில் அவருக்குத் தெரிய வந்தது. எழுந்து வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி உள்ளே வந்தார்.

ஞாயிறு மில் லீவு. காலையில் எழுந்தபோது கை சில்லென்றிருந்தது. பேப்பரைப் பிரித்தால் எழுத்து நிற்கவில்லை. பிஸ்கட் விளம்பரம் மட்டும் நின்றது. மனைவி கேட்ட சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுந்தார். தையல் மிஷின் சத்தம் மண்டையில் தைத்தது. நேற்று வரை வயிற்றில் ஒரு மூலையில் கிடந்தது இப்போது உடம்பு முழுக்கப் பரவி, முழங்கால், பல், காது மடல் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. எதை யோசிக்கத் தொடங்கினாலும் அது வளைந்து வளைந்து ஒரே இடத்தில் வந்து முடிந்தது. செத்துப் போன அப்பாவை நினைத்தார். அப்பா ரொட்டியைப் பாலில் தோய்ப்பது ஞாபகம் வந்தது. மில் முதலாளியை நினைத்தார். முதலாளி மேஜை மேல் இருக்கும் முந்திரி டப்பா வந்தது.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் தன் தட்டை முடித்துவிட்டு, "அண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. போதும், தின்னுடேன். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றார்.

"வாயை மூடு."

இரண்டு மணிக்கு அவர் மனைவி தைத்து முடித்த யூனிஃபார்ம்களை மூட்டை கட்டினாள். "கடைக்குப் போயிட்டு வந்துடறேன். தம்பி முன் ரூம்ல தூங்கறார். நாலு மணிக்குள்ள வந்துடுவேன். எதுக்கும் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்," என்று கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாவி சட்டைப் பையில் கிடந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கேஸ் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் என்று வந்த பிறகு பார்க்காமல் இருக்கக் கூடாது அல்லவா? போய்ப் பூட்டைத் திறந்தார். கேஸ் மூடித்தான் இருந்தது. அப்படியே பாத்திரத்தில் எறும்பு ஏறியிருக்குமோ என்று மூடியைத் தூக்கினார். ராத்திரிக்காக வேக வைத்த உருளைக்கிழங்கு ஆறு. பக்கத்தில் கறிக்குழம்பு, மேலே எண்ணெய் மிதந்தது. ஒரு கிழங்கை எடுத்து வெந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அழுத்தியது உடைந்துவிட்டது. உடைந்ததை எப்படித் திரும்ப வைப்பது?

அதற்கப்புறம் அவரிடம் காரணம் எதுவும் கேட்காதீர்கள். தின்றார். அவ்வளவுதான். அந்த நிலைமையிலும் கைப்பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு கிழங்கையும் தோலை உரித்து உரித்துப் பாத்திரம் கழுவுகிற பேசினில் போட்டுவிட்டு வாயில் திணித்தார். ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குழம்பில் தோய்த்தார். கறித்துண்டில் கொழுப்பை மட்டும் விரலால் பிய்த்து ஒதுக்கினார். முழங்கையில் குழம்பு வழிந்தது. தொண்டையில் அடைத்தது, இடித்து உள்ளே தள்ளினார். தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வருவது அவருக்கே கேட்டது. ஷெட்டில் லோடுமேன்களிடம் எதைச் சொல்லிக் காட்டுவாரோ, அதே சத்தம்.

"மெதுவாண்ணே. விக்கிக்கும்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் நின்றார்.

சூப்பர்வைசர் வாய் நிறைய வைத்துக்கொண்டு திரும்பினார். டிரைவர் உள்ளே வரவில்லை. வெளியே இருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, நிலைக்கு இந்தப் பக்கமே நின்று கையை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். டிரைவரின் கண் பேசினுக்குப் போயிற்று. பக்கத்தில் முழுசாக இரண்டு கிழங்கு இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, அந்தத் தோலை மட்டும் நான் எடுத்துக்கவா? அதுல ஒண்ணும் ஏறாது."

பதில் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தை இருந்தது. சூப்பர்வைசர் தேர்ந்தெடுத்தது, "சீ, போடா அந்தப் பக்கம்!" என்பதுதான். தம்பியின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார். குழம்புக் கையால் பூட்டினார்.

மூன்றரை மணிக்கு மனைவி வந்தாள். சாவியை வாங்கித் திறந்தாள். உள்ளே மூடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "இங்க யார் வந்தது?" என்று குரல் வந்தது.

சூப்பர்வைசர் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"நாலு கிழங்கைக் காணோம். குழம்பு பாதி இல்லை."

"வேற யாரு? நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். பையிலேருந்து சாவியை எடுத்திருக்கான். திருட்டுத்தனம் வேற சேர்ந்துடுச்சா இப்ப?"

டிரைவர் முன் அறை வாசலில் நின்றிருந்தார். அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சூப்பர்வைசர் சமாளித்திருப்பார். கோபம் இல்லை. உடம்பு சரியில்லாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "ஆமாண்ணி. நான்தான்," என்றார்.

அவள் உள்ளே போனாள். நாலு மணி அடித்தது. டிரைவருக்கு எழுதியிருந்த அளவில் ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, பாதி ஆப்பிள் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"நாலு மணி ஆச்சு."

"நாலு கிழங்கு தின்னவனுக்கு இது வேறயா? எடுத்து உள்ள வை. இன்னிக்கு இந்த வேளை கிடையாது. அப்பதான் புத்தி வரும்."

தட்டு அந்தரத்தில் நின்றது. டிரைவர் தட்டையே பார்த்தார். பன்னிரண்டு மணியிலிருந்து அவர் காத்திருந்த தட்டு அது. "சரிண்ணே," என்றார். அந்தப் பெரிய கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, கை இரண்டும் தட்டு வரும் என்று முன்னால் நீண்டபடியே இருந்தன.

சூப்பர்வைசரின் மனைவி தட்டை அந்தக் கையில் வைத்தாள். பிறகு உள்ளே போய், பேசினில் கிடந்ததை எல்லாம் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து புருஷனுடைய பேப்பர் மேல் கொட்டினாள். கிழங்குத் தோல், ரொட்டி ஓரம், கொழுப்பு.

"ஒரு வாரமா இவருக்குத் தட்டு வைக்கறேன். ஆப்பிள் விதையை விட மாட்டார். முட்டை ஓட்டை நக்கி வைப்பார். இவர் தின்னிருந்தா தோல் மிஞ்சுமா? கொழுப்பு மிஞ்சுமா? இந்த வீட்டுல ரொட்டி ஓரத்தைக் கிள்ளிப் போடற மகராசன் யாரு?"

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. பசிச்சுது, தின்னீங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. தின்னுட்டு அவர் மேல போட்டீங்க பாருங்க, அதைக்கூட பயம்னு விட்டுடுவேன். பொய் நிக்கணுங்கறதுக்காக அவர் வேளைச் சாப்பாட்டையும் பிடுங்கப் பார்த்தீங்களே. உங்க மில்லுல மாடுங்களுக்குக்கூட அதைச் செய்ய மாட்டாங்க."

டிரைவர் மென்றுகொண்டே, "விடுங்கண்ணி," என்றார்.

"நீங்க ஏன் தம்பி ஒத்துக்கிட்டீங்க?"

"எப்படியும் நான்தான்னு ஆகும்." ஆப்பிளின் நடுப்பகுதியைக் கடித்தார். "அண்ணன் நெசமாவே பசிச்சுத் தின்னாரு. நான் பார்த்தேன். பசிச்சவனைக் காட்டிக் குடுக்க மனசு வரலை."

திங்கட்கிழமை மில்லில் லோடுமேன்கள் கேட்டார்கள். "சார், மூணு நாள் ஆச்சா?"

"ஆகிட்டே இருக்கு," என்றார். காலையில் நான்கு துண்டு ரொட்டி தின்றுவிட்டு வந்திருந்தார்.

"சார் மாதிரி வருமா!" என்றான் ஒருவன். அவர் மறுக்கவில்லை. அவ்வளவு தூரம் நேர்மை அவருக்கு இன்னும் வரவில்லை. ஒரு மணிக்குச் சங்கு ஊதியபோது மட்டும் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. ஆபீஸ் ஜன்னலையும் சாத்திக்கொண்டார். வெளியே யாரோ, "ஆழாக்குக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இருபத்தெட்டு வருஷம் கழித்து.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் டிரைவரின் மனைவி வந்தாள். தூக்கமில்லாத முகம். முதல் வேலையாகப் பையிலிருந்து எடை மிஷினை எடுத்துத் தரையில் வைத்துப் புருஷனை ஏற்றினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "பரவாயில்லை. வேளை எதுவும் தப்பலையே?"

சூப்பர்வைசரின் மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் நெளிந்தார்.

"ஒரு நாள் தப்பப் பார்த்துது," என்றார். "சமையல்கட்டுல... அன்னிக்கு அவன் இல்லை. நான்தான் தின்னேன். அவன் மேல சொல்லிட்டேன்."

"அக்கா போன்ல சொன்னாங்க மாமா. நான் கேட்டதுக்கு இவரும் சொன்னார்." எடை மிஷினைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "இப்ப நீங்களா சொல்லுவீங்களான்னுதான் பார்த்தேன். சொல்லிட்டீங்க, சரி. எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"சனிக்கிழமை முழுசும். ஞாயிறு மத்தியானம் வரைக்கும்."

"ஒன்றரை நாள்." அவள் சிரிக்கவில்லை. "ஒன்றரை நாள்ல நீங்க திருடியும் ஆச்சு, பொய் சொல்லியும் ஆச்சு, கூடப் பொறந்தவனைத் தள்ளியும் விட்டாச்சு. இவர் தின்னு முடிச்ச நிமிஷத்துலயே உங்களோட அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் மாமா இவருக்கு. பதினாலு மாசமா. தூக்கத்துலகூட. ஆனா தின்னா தின்னேன்னுதான் சொல்லுவார். இதுவரைக்கும் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். தன் முன்னாலேயே தன்னைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி போட்டிருக்காங்க. ரெண்டுலேருந்து ஏழு வரைக்கும் இவர்கூட யாராவது இருக்கணும். வர முடியுமா?"

"வரேன்."

"சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். நாலு மணிச் சாப்பாட்டை மாடி வீட்டம்மா கொண்டுவந்து குடுப்பாங்க. உங்க கையில குடுத்துட்டுப் போக எனக்கு இன்னும் தைரியம் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அவரிடம் என்ன இருந்தது? போனார்.

தம்பியின் வீடு இரண்டு அறை. ஜன்னலுக்குக் கீழே பஸ் ரூட். ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் டிரைவர், "கிளட்சை மிதிச்சுக்கிட்டே வளைக்கறான் பாரு," என்று குறை சொன்னார். இரண்டு பேரும் கொஞ்சம் சீட்டு ஆடினார்கள். மூன்று மணிக்கு மேல் டிரைவருக்குச் சீட்டு பிடிபடவில்லை. எழுந்து அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார், முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். சூப்பர்வைசர் 'உட்காரேன்டா' என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்தது ஞாபகம் வந்தது.

நாலு மணிக்கு மாடி வீட்டம்மா டப்பாவைக் கொண்டுவந்து, அவரைத் தாண்டி டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

டிரைவர் தின்றார். அதே வேகம், அதே சத்தம். டப்பாவின் மூடியைக்கூட விடாமல் வழித்தார். சூப்பர்வைசருக்கு அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஐம்பத்து நாலு வருஷமாக வளர்த்தது இரண்டு வாரத்தில் செத்துவிடுமா? முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். டப்பாவை வாங்கிக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

"அடுத்தது எட்டு மணிக்குத்தானே? இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. சீட்டைப் போடட்டுமா?"

டிரைவர் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"மூணே முக்கால்ணே," என்றார்.